நாத்தான்வேலின் கேள்வியும் தெருப் பாடகரின் மறுமொழியும்
(தமிழ் ராப் கலைஞர்தம் நேர்காணல்கள் பற்றிய ஒரு திறனாய்வு)

முன்னுரை

நாசரேத்தைப் பற்றி நாத்தான்வேல் எழுப்பிய கேள்வியை யோவான் சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஊரின் பெயரைக் கேட்டவுடனே அவ்வூராரின் தகுதியை முடிவு செய்துவிடும் மனப்பான்மை அக்கேள்வியில் அடங்கியுள்ளது. பிலிப்பு அதற்கு வாதத்தினால் விடையிறுக்கவில்லை. நேரில் வந்து காணுமாறு அழைத்தான். தேரிக்காட்டுச் செம்மணலுக்கு அருகே, பனைகளின் நடுவே அமைந்துள்ள நம் நாசரேத், அக்கேள்வியையும் அம்மறுமொழியையும் தன் பெயரோடு சேர்த்தே சுமந்து வருகிறது.

இன்று நம் ஊர்களின் இளைஞர் விரும்பிக் கேட்கும் இசைகளுள் ராப் ஒன்று. ஆலயப் பாடகர் குழுவில் கீர்த்தனை பாடும் அதே இளைஞன் வீடு திரும்பும் வழியில் கைபேசியில் கேட்பது அதனைத்தான். அப்பாடகர்கள் தங்கள் இசையைப் பற்றியும், வளர்ந்த விதத்தைப் பற்றியும், ஈட்டியதையும் இழந்ததையும் பற்றியும் நெடுநேரம் உரையாடும் நேர்காணல்கள் நாளிதழ்களிலும் யூடியூபிலும் மிகுதியாக வெளிவருகின்றன. பாடல்களைப் பற்றி ஆதரவாகவும் எதிர்ப்பாகவும் பலர் எழுதியுள்ளனர். உரையாடல்களைத் தனியே எடுத்து ஆராய்ந்தவர் குறைவு. இந்நேர்காணல்கள் எவ்வகையான பேச்சு, அவற்றில் கேட்பவருக்கும் சொல்பவருக்கும் உள்ள உறவு யாது, ஒரு பாடல் யாருடையது என்னும் கேள்விக்கு அவை தரும் விடை யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஊரைச் சொல்லித் தொடங்கும் கலை

ஹிப்ஹாப் ஒரு குறிப்பிட்ட தெருவில் பிறந்த கலை என்பதை அக்கலைஞர் எவரும் மறப்பதில்லை. 1973 ஆகஸ்டு 11 அன்று நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் சாலையிலுள்ள ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், டி.ஜே. கூல் ஹெர்க் என்று அழைக்கப்பட்ட ஜமைக்கா நாட்டு இளைஞர் தம் சகோதரி நடத்திய விருந்தில் இசைத்தட்டுகளை இயக்கினார். பாட்டு அடங்கித் தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதி வந்தவுடன் மக்கள் மிகுந்த உற்சாகத்தோடு ஆடுவதை அவர் கவனித்திருந்தார். எனவே ஒரே இசைத்தட்டின் இரு படிகளை இரு கருவிகளில் மாற்றி மாற்றிச் சுழற்றி, அத்தாளப் பகுதியை நீளச் செய்தார். அந்நீண்ட தாளத்தின்மேல் சந்தத்தோடு பேசும் பேச்சே ராப் ஆக வளர்ந்தது. இசைக் கருவிகள் வாங்க வசதியற்ற மக்கள், பிறர் பதிவு செய்த இசையின் ஒரு துண்டை எடுத்துத் தங்கள் சொல்லுக்குப் பாயாக விரித்தனர் எனலாம்.

இக்கலையில் இராகத்தை விடச் சொல்லுக்கே முதலிடம். எதுகை, மோனை, இயைபு, சந்தம் ஆகியவற்றில் ஊறிய தமிழுக்கு இது முற்றிலும் அந்நியமானதன்று. மலேசியாவின் யோகி பி, நட்சத்திரா குழுவினருடன் 2006-இல் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பு தமிழ் ராப் இசையைப் பரவலாக அறியச் செய்தது. அதிலுள்ள 'மடை திறந்து', 1980-ஆம் ஆண்டின் 'நிழல்கள்' படத்திற்காக இளையராஜா அமைத்த பாடலின்மேல் கட்டப்பட்டது. கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆதி, ஜீவா ஆகியோரின் 'ஹிப்ஹாப் தமிழா' குழு 2012-இல் 'ஹிப்ஹாப் தமிழன்' தொகுப்பை வெளியிட்டது. 2018 ஜனவரியில் இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியது. கானா, பறை, ராக், ராப் ஆகியவற்றை ஒன்றாக இணைத்த அக்குழுவின் பெயர், அயோத்திதாசப் பண்டிதர் வலியுறுத்திய சாதியற்ற தமிழர் என்னும் கருத்திலிருந்து பெறப்பட்டது. அக்குழுவிலிருந்து வெளிப்பட்டவருள் ஒருவர் அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு. இவர் 2019-இல் ஒஃப்ரோவுடன் இணைந்து 'தெருக்குறள்' தொகுப்பை வெளியிட்டார்.

இவர்கள் அனைவரின் நேர்காணல்களிலும் முதலில் எழுவது ஊர் பற்றிய கேள்வியே. கர்நாடக சங்கீத வித்துவானிடம் பெரும்பாலும் குருவின் பெயர் கேட்கப்படும். ராப் பாடகரிடம் தெருவின் பெயர் கேட்கப்படும். முன்னவருக்குக் குருபரம்பரை எவ்வாறு சான்றிதழோ, பின்னவருக்கு ஊர் அவ்வாறே சான்றிதழ். ஆயின் இதில் ஓர் இடர் உண்டு. ஊரைச் சொல்லும்படி கேட்பவர் சிலர் அறியவேண்டும் என்று கேட்கின்றனர். சிலர் நாத்தான்வேலைப் போல முடிவு செய்துவிட்டே கேட்கின்றனர். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவது நேர்காணலை வாசிப்போரின் முதற் கடமையாகும்.

2. சாட்சியின் அச்சு

நம் கூட்டங்களில் சாட்சி சொல்லுதல் என்னும் வழக்கத்தை அனைவரும் அறிவோம். அதற்கென ஓர் அமைப்பு உண்டு: பழைய வாழ்வு, நெருக்கடி, திருப்பம், நன்றியறிதல். உண்மையான அனுபவம் உடையவரும் இவ்வமைப்புக்குள்ளேயே பேசப் பழகிவிடுகின்றனர். ராப் கலைஞர் நேர்காணலும் பெரும்பாலும் இதே அச்சில் வார்க்கப்படுகிறது. வறுமை, புறக்கணிப்பு, வீட்டில் எதிர்ப்பு, நண்பரின் கணினியில் முதற்பதிவு, ஒரு பாடலால் கிடைத்த புகழ், பின்னர் திரைப்பட வாய்ப்பு என்று கதை ஒழுங்காகச் செல்லும்.

இக்கதை பொய் என்று கூறுதல் நம் கருத்தன்று. ஆயினும் அச்சு மிக ஒழுங்காக இருக்குமிடத்தில் இரண்டு செய்திகள் விடுபட்டுப் போகின்றன. முதலாவது, தொழில்நுட்பம். அடியை எங்கே முறித்தார், மூச்சை எங்கே எடுத்தார், பேச்சுத் தமிழின் குறுகிய வடிவங்களைத் தாளத்தோடு எவ்வாறு பொருத்தினார் என்று கேட்போர் அரியர். கலைஞனை அவனுடைய துன்பத்திற்குச் சாட்சியாக மட்டும் கண்டு, அவனுடைய கைத்திறனைக் காண மறுப்பதும் ஒருவகை அவமதிப்பே. இரண்டாவது, துணைநின்றோர். புகழ் பெற்ற ஒருவரை நடுவில் நிறுத்தும் உரையாடலில் தாளம் அமைத்தவரும், பறை அடித்தவரும், முதல் அடியைச் சொல்லித் தந்த தாயோ பாட்டியோ ஓரத்திற்குத் தள்ளப்படுகின்றனர்.

3. கேட்பவரின் அதிகாரம்

நேர்காணல் இருவர் சேர்ந்து படைக்கும் பனுவல் போலத் தோன்றும். ஆனால் அச்சேற்றும் உரிமை ஒருவரிடமே உள்ளது. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு எம்.ஐ.ஏ. எனப்படும் மாயா அருள்பிரகாசம். 1975-இல் இலண்டனில் பிறந்து, குழந்தைப் பருவத்தில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1986-இல் அகதியாக மீண்டும் இலண்டன் சென்றவர் இவர். தம் முதல் தொகுப்புக்குத் தந்தையின் பெயரால் 'அருளர்' (2005) என்றும், அடுத்ததற்குத் தாயின் பெயரால் 'கலா' (2007) என்றும் பெயரிட்டார். உலகப் புகழ் பெற்ற பின்னும் தம் மக்களின் துன்பத்தைப் பேசியவர்.

2010-இல் நியூயார்க் டைம்ஸ் இதழ் அவரைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டது. தாம் ஒதுக்கப்பட்டவர் பக்கம் நிற்பதாகக் கூறியவாறே விலையுயர்ந்த உணவகத்தில் வாசனைக் காளான் சேர்த்த உருளைக்கிழங்கு வறுவலை அவர் உண்டதாக அதில் வருணிக்கப்பட்டிருந்தது. சொல்லுக்கும் வாழ்வுக்கும் பொருத்தமில்லை என்று வாசகரை எண்ணச் செய்யும் வருணனை அது. எம்.ஐ.ஏ. தாமும் அவ்வுரையாடலைப் பதிவு செய்து வைத்திருந்தார். அந்த உணவு கேட்டவரின் தூண்டுதலால் வரவழைக்கப்பட்டது என்பதை அப்பதிவை வெளியிட்டுக் காட்டினார். உரையாடலின் வெவ்வேறு இடங்களில் கூறப்பட்ட சொற்கள் கட்டுரையில் ஒன்றாக அடுக்கப்பட்டது பற்றி அந்த இதழும் பின்னர் ஆசிரியர் குறிப்பு வெளியிட நேர்ந்தது. பேசப்பட்டவர் தம்மிடமும் ஓர் ஒலிப்பதிவை வைத்திருந்ததால்தான் உண்மை வெளிப்பட்டது.

இது பிற நாட்டுச் செய்தி என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. கால்டுவெல் 1849-இல் இப்பகுதிப் பனையேறும் மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலின் வரலாற்றை நம் சபைகள் அறியும். அம்மக்களிடையே ஊழியம் செய்தவர் எழுதிய அந்நூலில் அம்மக்களைப் பற்றிய செய்தி நிறைந்திருந்தது. அவர்கள் தம்மைப் பற்றிக் கூறிக்கொண்ட மதிப்பீடு அதில் இடம்பெறவில்லை. தாங்கள் எவ்வாறு வருணிக்கப்பட்டுள்ளோம் என்பதைப் படித்தறிந்தவர்கள் பின்னர் கடுமையாக எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பில் முன்னின்றவருள் ஒருவர், நாசரேத்தில் பணியாற்றிப் பின்னர் மிஷனரிகளோடு முரண்பட்டு, 1857-இல் அருகிலுள்ள முக்குப்பேரியில் தனிச் சபை கண்ட சட்டாம்பிள்ளை எனப்பட்ட அருமைநாயகம். அவருடைய கொள்கைகளைப் பற்றி இங்கு ஆராயவேண்டியதில்லை. தம்மைப் பற்றி எழுதப்பட்டதைத் தாமே படித்து மறுமொழி கூறும் மக்கள் இவ்வட்டாரத்தில் அன்றே எழுந்தனர் என்பதே நாம் கவனிக்கவேண்டியது. எம்.ஐ.ஏ.யின் ஒலிப்பதிவுக் கருவிக்கும் அருமைநாயகத்தின் எழுதுகோலுக்கும் உறவு உண்டு.

எம்.ஐ.ஏ. பற்றி மற்றொன்றையும் குறிப்பிட வேண்டும். இயேசுவைக் குறித்த ஒரு தரிசனம் தம் வாழ்வை மாற்றியதாக அவர் 2022-இல் அளித்த நேர்காணலில் கூறினார். அகதியாகப் பேசியபோது அவரை ஐயுற்ற கிறிஸ்தவர் சிலர் இதனைக் கேட்டு மகிழ்ந்தனர். அகதியாகப் பேசியபோது பாராட்டிய முற்போக்காளர் சிலர் இதனால் முகஞ்சுளித்தனர். இருசாராரும் தமக்கு வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டனர். சொல்பவரை முழுமையாகக் கேட்கும் பொறுமை இருசாராரிடமும் இல்லை.

4. பாட்டியின் பாட்டு

நேர்காணலின் அருமையையும் அவலத்தையும் ஒருங்கே காட்டும் நிகழ்ச்சி 'என்ஜாய் எஞ்சாமி' பாடலைச் சுற்றி எழுந்தது. தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில், ஏ. ஆர். ரஹ்மானின் ஆதரவு பெற்ற 'மாஜா' தளத்தின் வழியாக இப்பாடல் 2021 மார்ச்சில் வெளிவந்தது. யூடியூபில் 40 கோடிக்கும் மேற்பட்ட முறை இது பார்க்கப்பட்டுள்ளது.

இப்பாடலின் வேரை அறிவு தம் உரையாடல்களில் விளக்கினார். அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நிலமற்றவராகத் தமிழகம் திரும்பியவர். இவ்விளக்கம் கிடைத்த பின்னர் பாடலின் பின்னணியில் ஒரு பெரும் வரலாறு விரிகிறது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம், மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவு செய்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்வது என்று 1974-இல் மற்றோர் ஒப்பந்தம் ஏற்பட்டது. மக்களை எண்ணிப் பங்கிட்ட அந்த உரையாடல்களில் அம்மக்களுள் ஒருவரும் அமர்ந்திருக்கவில்லை. அவர்களுடைய முன்னோர் பலர் கடல் கடந்ததும் நம் கரை வழியாகத்தான். தூத்துக்குடிக்கு அருகிலுள்ள தட்டப்பாறையில் தோட்டத் தொழிலாளருக்கான தங்கல் முகாம் இருந்ததை வரலாறு பதிவு செய்துள்ளது.

'எஞ்சாமி' என்னும் சொல்லுக்கும் அறிவு பொருள் கூறியுள்ளார். 'என் சாமி' என்பதே அதன் மூலம். நிலமுடையோனைக் கூலியாள் விளித்ததும் அச்சொல்லே. பேரப்பிள்ளையைப் பாட்டி கொஞ்சி அழைப்பதும் அச்சொல்லே. தெய்வத்தையும் நாம் அச்சொல்லாலேயே அழைக்கிறோம். அச்சத்தால் மேல்நோக்கிச் சொல்லப்பட்ட சொல்லை அன்பினால் கீழ்நோக்கி, குழந்தையின் பக்கம் திருப்பிவிட்டனர் உழைக்கும் பெண்கள். இறையியல் மாணவர் பல பக்கங்களில் எழுதவேண்டியதை ஒரு விளிச்சொல் செய்து முடித்திருக்கிறது. அந்நேர்காணல் இல்லையேல் கேட்போர் பலர் இதனை வெறும் ஓசைச் சொல்லாகவே கொண்டிருப்பர். கலைஞனுடைய உரையாடல் பாடலுக்கு உரையாசிரியன் செய்யும் பணியைச் செய்யக்கூடும் என்பதற்கு இஃது ஒன்றே போதிய சான்று.

ஆனால் அதே பாடலின் பெயரால் கசப்பும் விளைந்தது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்றனர், அறிவு இடம்பெறவில்லை. பா. இரஞ்சித் அதனைக் கண்டித்தார். பின்னர் அவ்விதழ் அறிவின் படத்தோடு ஓர் இணைய அட்டையை வெளியிட்டது. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் நடைபெற்ற 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் இப்பாடலைத் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினர். அறிவு மேடையில் இல்லை. சில நாள்களில் அவர் இன்ஸ்டாகிராமில் எழுதிய குறிப்பில், பாடலை அமைத்ததும் எழுதியதும் பாடியதும் தாமே என்றும், ஏறத்தாழ ஆறு மாதம் உறக்கமின்றி உழைத்ததாகவும், கூட்டு முயற்சி என்பதைத் தாம் மறுக்கவில்லை என்றும் கூறினார். தம் முன்னோரின் தடம் மறைக்கப்படக் கூடாது என்பதே அக்குறிப்பின் உயிர். சந்தோஷ் நாராயணன் வெளியிட்ட விளக்கத்தில், பாடல் பலரின் கூட்டு உழைப்பு என்றும், உரிமையும் வருவாயும் தமக்கும் தீக்கும் அறிவுக்கும் சமமாகப் பகிரப்பட்டுள்ளன என்றும் கூறினார். தீயும் அறிவின் பங்கைத் தாம் எங்கும் மறைத்ததில்லை என்று எழுதினார். 2024 மார்ச்சில் இப்பாடலால் தங்களுக்கு இதுவரை வருவாய் எதுவும் கிட்டவில்லை என்று சந்தோஷ் நாராயணன் அறிவித்தார். வெளியீட்டு நிறுவனமும் தன் தரப்பைக் கூறியது.

இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நாம் இல்லை. ஒரு மெட்டின் எந்த அசை யாருடைய வாயில் முதலில் பிறந்தது என்பதை வெளியிலிருந்து எவரும் நிறுவ முடியாது. ஆயினும் இவ்விவாதத்தின் அடியில் உள்ள கேள்வி திறனாய்வுக்கு உரியது. ஒப்பாரிக்கும் தாலாட்டுக்கும் ஆசிரியர் பெயர் இல்லை. அவை ஊரின் பொதுச்சொத்து. அவ்வாறாயின் அவ்வேரிலிருந்து எழுந்த பாடலுக்கு ஒருவர் தம் பெயரைக் கோருவது முறையாகுமா என்று சிலர் கேட்டனர். கேள்வி நியாயமாகத் தோன்றும். ஆனால் பெயரின்மை எல்லா இடத்திலும் ஒரே பொருளைத் தருவதில்லை. வயலில் நாற்று நடும் பெண்கள் பாடும்போது ஒருவர் தொடங்க மற்றவர் கூட்டிப் பாடுவர். அங்கே பெயரின்மை பகிர்வின் அடையாளம், எவருக்கும் இழப்பில்லை. அட்டைப்படமும் விளம்பரப் பலகையும் உரிமைத் தொகையும் உள்ள சந்தையிலோ ஏதேனும் ஒரு பெயர் வந்தே தீரும். அங்கே ஒருவருடைய பெயரின்மை மற்றொருவருடைய பெயராக மாறிவிடுகிறது. தலைமுறை தலைமுறையாகச் சம்பளப் பதிவேட்டிலன்றி வேறெங்கும் பெயர் எழுதப்படாத மக்களின் பேரன் தன் பெயரை வற்புறுத்துவதை அகந்தை என்று கூறுவதற்கில்லை. 2024-இல் அவர் வெளியிட்ட தனித் தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்று பெயரிட்டார். தம் பெயரைக் கோரியவர் இறுதியில் பாட்டியின் பெயரையே அட்டையில் ஏற்றினார் என்பது கவனிக்கத்தக்கது.

5. தொழிலும் கூலியும்

ராப் கலைஞர் நேர்காணல்களில் பணத்தைப் பற்றிய பேச்சு கூச்சமின்றி வரும். முதற் பாடலுக்கு எவ்வளவு செலவாயிற்று, யார் கடன் கொடுத்தார், ஒப்பந்தத்தில் எதைப் படிக்காமல் கையெழுத்திட்டோம் என்பன வெளிப்படையாகப் பேசப்படுகின்றன. ஹிப்ஹாப் தமிழா ஆதி இசைத்துறைத் தொழில்முனைவு குறித்து ஆராய்ந்து 2023-இல் முனைவர் பட்டமே பெற்றார். கலையைத் தெய்வீகம் என்று போற்றும் நம் மரபில் வளர்ந்தோருக்கு இப்பேச்சு சற்றே கரடுமுரடாக ஒலிக்கும்.

ஆயின் இதனைத் தாழ்வாகக் கருதும் உரிமை நமக்கு உண்டா? நாசரேத்தில் கேனன் மர்காஷிஸ் காலத்தில் வளர்ந்த தொழிற்பள்ளி, தச்சும் தையலும் கற்ற இளைஞருக்குத் தன் கையால் உழைத்துக் கூலி பெறும் மதிப்பைத் தந்தது. கைத்தொழிலுக்குக் கூலி கேட்பது இழிவன்று என்பதை இவ்வூர் அன்றே கற்றுக்கொண்டது. ஆனால் பாட்டுக்காரனுக்கு மட்டும் அம்மதிப்பை நாம் முழுமையாக வழங்கவில்லை. சாவு வீட்டில் பறையடிப்பவருக்குக் கொடுக்கும் தொகையைக் கூலி என்று கணக்கிடாமல் கொடை போல எறியும் வழக்கம் தமிழ்நாட்டின் பல ஊர்களில் நெடுங்காலம் இருந்தது. வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன் என்று பிரசங்கம் செய்யும் நாம், இசைஞரின் கூலிப் பேச்சைக் கேட்டு முகம் சுளித்தல் பொருந்தாது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. சில உரையாடல்களில் வெற்றியின் அளவுகோல் பார்வையாளர் எண்ணிக்கையாகவே சுருங்கிவிடுகிறது. எத்தனை கோடி முறை பார்க்கப்பட்டது என்பது முதற் கேள்வியாகவும் இறுதிக் கேள்வியாகவும் அமைகிறது. 40 கோடி முறை பார்க்கப்பட்ட பாடலும் தம்மை வந்தடையவில்லை என்று அதைப் படைத்தோர் கூறும் நிலையில், எண்ணிக்கைக்கும் கூலிக்கும் உள்ள தொடர்பு எவ்வளவு நலிந்தது என்பது விளங்கும்.

6. சில குறைபாடுகள்

இக்கலைஞரை ஆதரித்து எழுதுவோர் குறைகளை மறைத்தல் கூடாது. ஹிப்ஹாப் தமிழாவுக்கு 2011-இல் முதற்புகழ் தேடித் தந்த 'கிளப்புல மப்புல' பாடல், மது அருந்தும் பெண்களைப் பழித்தது என்று பலரால் கண்டிக்கப்பட்டது. பண்பாட்டைக் காப்பதாகக் கூறும் பாடல் பெண்ணின் ஒழுக்கத்தையே முதலில் கையில் எடுப்பது ராப் இசைக்கு மட்டும் உரிய குற்றமன்று; நம் மேடைகளிலும் அது உண்டு. ஆயினும் தாழ்த்தப்பட்டவரின் குரல் என்று தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் கலைக்கு இக்குறை மிகுந்த அவப்பெயரைத் தருகிறது. நேர்காணல் எடுப்போர் இக்கேள்வியைப் பெரும்பாலும் மென்மையாகக் கடந்துவிடுகின்றனர்.

பெண் கலைஞரின் உரையாடல்கள் இவ்வகையில் நமக்குப் பெரிதும் பயன்படுகின்றன. கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் இசைவாணி, ஆண்களின் கலையாகவே விளங்கிய கானாவைப் பாடிப் பெயர் பெற்றார், 2020-இல் பி.பி.சி. வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். பாடலின் கருத்துக்கு முன்னரே, மேடையில் ஒலிவாங்கியைப் பற்றும் உரிமையே ஒரு போராட்டமாக இருக்கக்கூடும் என்பதை அவரைப் போன்றோரின் வாழ்வு உணர்த்துகிறது.

மற்றொரு குறை தற்புகழ்ச்சி. ராப் இசையில் தன்னைத் தானே உயர்த்திப் பேசுதல் ஒரு மரபு. புலவர் அவைகளில் நிகழ்ந்த வீறாப்புப் பேச்சுகளை ஒத்த இதனை அணி என்று கொள்ளலாம். பாடலில் அணியாக நிற்பது நேர்காணலில் நடத்தையாக மாறும்போது உரையாடல் வறண்டுவிடுகிறது.

7. பரட்டை அண்ணன் காட்டிய வழி

இக்கேள்விகள் தமிழ் இறையியலுக்குப் புதியன அல்ல. மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940-2005), பரட்டை அண்ணன் என்று மாணவரால் அன்போடு அழைக்கப்பட்டவர், நாட்டுப்புற இசையை வழிபாட்டுக்குள் கொணர்ந்தார். மேனாட்டு ஞானப்பாட்டும் கர்நாடக இராகக் கீர்த்தனையும் எழுதியவாறே பாடப்படவேண்டியவை. கிராமத்துப் பாட்டையோ பாடுவோர் தம் தேவைக்கேற்ப மாற்றிப் பாடலாம். மாற்றிப் பாடும்போது அம்மக்களே இறையியலைப் படைப்போர் ஆகின்றனர் என்பது அவர் கருத்து. அமெரிக்காவில் ஜேம்ஸ் கோன் 1972-இல் கறுப்பின மக்களின் ஆன்மிகப் பாடல்களையும் ப்ளூஸ் இசையையும் ஒன்றாக வைத்து ஆராய்ந்து, ஆலயத்திற்கு வெளியே ஒலித்த பாட்டிலும் அம்மக்களின் நம்பிக்கை நிலைபெற்றிருந்ததைக் காட்டினார். இருவரும் பாடலைப் பாடுவோரிடமிருந்து பிரித்துப் பார்க்க மறுத்தனர்.

அப்பாவு தம் பாடலைப் பிறர் மாற்றுவதை வரவேற்றார். அறிவு தம் பாடலில் தம் பெயரை வற்புறுத்துகிறார். இவ்விரு நிலைகளும் முரண்படுவன போலத் தோன்றும். மேலே கூறியவாறு, பாடுவோர் அனைவரும் சமமாக அமர்ந்த பந்தியில் பெயரை விட்டுக்கொடுக்கலாம். சமமற்ற சந்தையில் அதே விட்டுக்கொடுத்தல் வலியவனுக்கே துணைபோகும். பாடல் அதனைப் பெற்ற மக்களிடமிருந்து பறிக்கப்படக் கூடாது என்பதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர்.

நம் மாவட்டத்தோடு நேராகத் தொடர்புடைய பாடல் ஒன்றையும் இங்கு நினைவுகூர வேண்டும். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்து மக்கள் சென்றபோது துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்நாள்களில் 13 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஓர் இளம் பெண்ணின் பெயரையே தலைப்பாகக் கொண்ட பாடல் 'தெருக்குறள்' தொகுப்பில் உள்ளது. நீதியரசர் அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது 2022 அக்டோபரில். பாடல் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே வந்துவிட்டது. அரக்கோணத்து இளைஞர் ஒருவர் நம் கரையின் துயரத்தைப் பாடினார். நம் கீர்த்தனைத் தொகுப்புகளில் அத்துயரத்திற்கு இன்னும் இடம் உண்டாகவில்லை. புலம்பலுக்கென்றே ஒரு நூலைக் கொண்டிருக்கும் திருமறையை வாசிப்போர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும்.

முடிவுரை

ராப் கலைஞர்தம் நேர்காணல்களை வாசிப்போரும் எடுப்போரும் மனத்தில் கொள்ளத்தக்க மூன்று அளவைகளை இவ்வாய்விலிருந்து பெறலாம். முதலாவது, உரையாடல் கலைஞனின் துன்பத்தை மட்டுமன்றி அவனுடைய கைத்திறனையும் கேட்டறிகிறதா என்பது. இரண்டாவது, அவனுக்குப் பின்னால் நிற்கும் பெயரற்றோரின் பெயரைக் கேட்கிறதா என்பது. மூன்றாவது, சொன்னதைச் சொன்னவாறே, சொன்ன இடத்தோடு சேர்த்து வெளியிடுகிறதா என்பது. இம்மூன்றிலும் தேறும் நேர்காணல், பாடலுக்கு நல்லுரையாகவும் ஒரு மக்கள்கூட்டத்தின் வரலாற்று ஆவணமாகவும் விளங்கும்.

இவ்வளவைகள் நம் திருச்சபைக்கும் பொருந்தும். தேரிக்காட்டு ஓரச் சிற்றூர்களிலும் கடற்கரைக் குடியிருப்புகளிலும் ஒப்பாரி சொல்லத் தெரிந்த மூதாட்டியர் இன்னும் உள்ளனர். அவர்களுடைய பாட்டை ஒலிப்பதிவு செய்யச் செல்லும் இறையியல் மாணவர், பாட்டோடு அவர்களுடைய பெயரையும், அதனை யாரிடம் கற்றனர் என்பதையும், அது அச்சேற இசைகின்றனரா என்பதையும் முதலில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பாட்டு அச்சில் வந்த பின்னர் அதன் படி ஒன்று அம்மூதாட்டியின் வீட்டில் சேர்க்கப்படவேண்டும். வாசிக்கத் தெரியாதவராயின் பேரப்பிள்ளைகளுள் ஒருவர் அதனை அவருக்குப் படித்துக் காட்டட்டும். அவர் திருத்தம் சொன்னால் அத்திருத்தத்தோடே அடுத்த பதிப்பு வெளிவரவேண்டும்.